படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது

நாற்காலி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். இரண்டு நாற்காலிகளை நேருக்கு நேர் போட்டால், வந்தவருக்குக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பேருந்தில் போவதுபோல ஆகிவிடும். லேசாகச் சாய்த்துப் போட வேண்டும். அழ வேண்டியவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து அழலாம். அழுது முடித்துத் தலையைக் கொஞ்சம் திருப்பினால் நான் இருப்பேன். நீங்கள் வந்ததும் நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டீர்கள். பரவாயில்லை, உங்கள் வேலை அப்படி.

என்மேல் வந்திருக்கும் புகாரை விசாரிக்க அனுப்பப்பட்ட நீங்கள் என் தொழிலைச் சேர்ந்தவர் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் சிலவற்றை முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் இல்லையே?

நான் மனநல ஆலோசகர். மாத்திரை எழுதித் தருகிற மருத்துவர் வேறு, நான் வேறு. என்னிடம் வருகிறவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். கேட்பது சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் வீட்டுக்காரரே அப்படித்தான் நினைத்தார். கல்யாணம் ஆன புதிதில், "அவங்க பேசுறாங்க, நீ உம் கொட்டுற. இதுக்கா சம்பளம்?" என்று கேட்டார். நான் அதற்கும் உம் கொட்டினேன்.

இந்த ஆலோசனை மையத்தின் மாடியில் மூன்று அறைகள். கடைசி அறை என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் அதில்தான் இருந்தேன். தாள் கைக்குட்டைப் பெட்டியை வந்தவரின் கைக்கு எட்டும்படியும் கண்ணில் படாதபடியும் வைத்திருப்பேன். கண்ணில் பட்டால், அழச் சொல்கிறார்கள் என்று சிலருக்குக் கோபம் வந்துவிடும். வருகிறவர்களில் நான் முதலில் பார்ப்பது காலைத்தான். முகத்தை எல்லாரும் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்கள். காலை யாரும் தயார் செய்வதில்லை. "எல்லாம் நல்லா போகுது மேடம்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கட்டைவிரல் தரையைக் குத்திக்கொண்டிருக்கும். அங்கிருந்துதான் நான் ஆரம்பிப்பேன். என்னிடம் வந்தவர்கள் யாரும், "இவருக்கு எதுவும் புரியவில்லை" என்று சொல்லிக்கொண்டு போனதில்லை.

போன வருடம் புது மேலாளர் வந்தார். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். மரியாதையான மனிதர். யார் வந்தாலும் எழுந்து நிற்பார். வந்த கொஞ்ச நாளில் எங்களை எல்லாம் கூப்பிட்டு, மாடியை விட்டுவிடலாம், எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆலோசனை தரலாம் என்றார். முதலில் ஆறு மாதம் சோதித்துப் பார்ப்பது, சரியாக வந்தால் அப்படியே தொடர்வது என்பது திட்டம். எங்கள் கருத்தை அறிய ஒரு தாளும் கொடுத்தார். திரை வழியாகத் தரும் ஆலோசனை நேரில் தருவதற்கு இணையானது, ஏற்கிறீர்களா இல்லையா, என்ற மாதிரி கேள்விகள். ஒன்றைக்கூட நான் ஏற்கவில்லை. என் பக்கத்து அறையில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஏற்றாள். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"வீட்டை விட்டு வெளிய வரவே முடியாதவங்க எவ்வளவு பேர் இருக்காங்க அக்கா. அவங்களுக்கு நம்ம மாடிப்படியே பெரிய மலை."

"மலை ஏறி வர்றதுலதான்மா பாதி குணமாகுது," என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

சோதனை ஆரம்பித்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் சின்ன அறையைச் சுத்தம் செய்து, மடிக்கணினியை உயரமாக வைத்து, சொன்னபடி செய்தேன். ஒருவர் காரில் உட்கார்ந்து பேசுவார். ஒரு அம்மா திரைக்குக் கீழே ஏதோ துணியை மடித்துக்கொண்டே தன் கல்யாணம் முறிந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் போனை மடியில் வைத்துக்கொள்வார். மாதக் கணக்கில் நான் ஒரு மோவாய்க்கும் மின்விசிறிக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் கால் இல்லை. எல்லாரும் மார்போடு முடிந்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்க வந்த ஆள் இங்கேதான் வருகிறார்.

அவர் பல் செட் செய்பவர். பல் மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, அச்சுக்குத் தகுந்தபடி பல் செய்து திருப்பி அனுப்புவார். நாற்பதை ஒட்டிய வயது. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மகளும் அம்மாவோடு. "பாப்பா" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். சோதனைக்கு முன்பு சில மாதங்கள் மாடிக்கு நேரில் வந்துகொண்டிருந்தார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, சரியான நேரம், பிசிறில்லாத பேச்சு.

"ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது நான் செஞ்ச பல்லுலதான் மேடம். எனக்குத்தான் அதுக்கு நேரம் ஒதுக்க முடியல," என்று முதல் நாளே சொன்னார். தன் துக்கத்தைச் சொல்லிவிட்டு, எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டோமோ என்று உடனே ஒரு நகைச்சுவையும் சொல்லிவிடுகிற ரகம். நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனையைப் பற்றிச் சொன்னதும், ஆய்வுக்கூடத்தில் வேலை நேரம் மாறியிருப்பதால் ஆன்லைன்தான் தனக்கும் வசதி என்று அவரே சொன்னார். முதல் நாள் திரையில் வந்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் அவரைப் பற்றி எனக்குப் புதிதாக நிறையத் தெரிந்துவிட்டது. அவர் கிட்டார் வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. பின்னால் சுவரில் மாட்டியிருந்தது. மீன் வளர்ப்பார் என்று தெரியாது. அலமாரியின் நடுத்தட்டில் விளக்குப் போட்ட தொட்டி. அதற்கு மேலே பாப்பா வரைந்த படங்கள், யானை மாதிரி ஒன்று, பல் மாதிரி ஒன்று. பேச்சுக்கு நடுவே எழுந்து போய் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தார். மாடியில் அத்தனை மாதம் உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு இஸ்திரிச் சட்டைதான். வீடும் வாசலுமாக ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழிந்திருக்கும். ஒரு அமர்வில் கிட்டார் இல்லை. சுவரில் ஆணி இருந்தது, ஆணியைச் சுற்றி வெளுக்காத சுவரின் நிறத்தில் கிட்டாரின் உருவம் இருந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

பிடித்த பொருள்களை ஒருவர் கொடுக்க ஆரம்பித்தால் என்ன அர்த்தமாக இருக்கலாம் என்று எங்களுக்கு முதல் வருடப் படிப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லித் தருவார்கள். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். செத்துப்போகலாம் என்று நினைக்கிறீர்களா, அவ்வளவுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும், கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்போல அழுதுவிடுவார்கள். நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நேரம் முடிகிற நிலையில் இருந்தது. அடுத்த வாரம் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் விட்டது மட்டும் கவனக்குறைவு என்றால், ஒப்புக்கொள்கிறேன். யாருக்கும் நடக்கக் கூடியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மேலாளர் கூட்டம் போட்டார். சோதனையில் பாதி தாண்டிவிட்டது. எல்லாருக்கும் ஒத்துப்போகிறது என்றார். சின்னவள் தன்னிடம் ஆன்லைனில் வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிற பெண். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசுவாளாம். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கென்று இருக்கிறது என்றாளாம். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

"மேடம், உங்க தயக்கம் எனக்குப் புரியுது," என்றார் மேலாளர். "ஆனா சொல்லுங்க, இதுவரைக்கும் ஏதாவது கெட்டது நடந்திருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன மேடம்? ஒண்ணு நடந்தா நானே இதை நிறுத்திடுவேன். சத்தியமா."

அவர் அதைப் பணிவாகத்தான் சொன்னார். நானும் பணிவாகவே கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் என் வீட்டுக்காரருக்கு ஷேவிங் பிளேடு வாங்கினேன்.

அடுத்த அமர்வில் மீன் தொட்டி இல்லை. அலமாரியின் நடுத்தட்டு இருட்டாக இருந்தது. அவர் முகம் தெளிவாக இருந்தது. சவரம் செய்திருந்தார். பல வாரமாகத் தூக்கம் இல்லை என்றவர், நன்றாகத் தூங்குகிறேன் என்றார். வெளியாட்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் தொழிலில், காரணம் இல்லாமல் வருகிற இந்த அமைதியைக் கண்டால் உடனே நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவோம். நான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். சாய்ந்ததை நானே கவனித்தேன்.

எந்த நாளில் முடிவெடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். முடிவு என்று நான் எதையும் எடுக்கவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அடுத்த வாரம் அது போன வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியாக ஆகிவிட்டது. இப்போது கேட்டால், போன வாரம் ஏன் கேட்கவில்லை என்று என்னை நானே கேட்க வேண்டியிருக்கும். தவிர, அந்தக் கேள்வியை நான் கேட்டு, அவர் அழுது, அவருடைய தங்கைக்குத் தகவல் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பி, அவர் பிழைத்துக்கொண்டால், மேலாளர் அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் சொல்வார். பாருங்கள், திரையில் ஒரு மீன் தொட்டி காணாமல் போனதை வைத்தே ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்பார். சொல்வதில் தப்பும் இருக்காது. அதுதான் சிக்கல்.

அதற்கடுத்த வாரம் பாப்பாவின் படங்களும் போய்விட்டன. ஒட்டியிருந்த இடங்களில் பசை நாடாவின் நுனிகள் மட்டும் மிச்சம். அவர் அன்று அதிகம் பேசவில்லை. நடுவில் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார்ந்தார். பின்னால் சுவர் முழுசாகத் தெரிந்தது.

"மேடம், என் ரூம் உங்களுக்குத் தெரியுதா?"

நான் திரையைப் பார்த்தேன். வெயில் நேரம். ஜன்னல் வெளிச்சத்தில் ஆணியின் நிழல்கூடச் சுவரில் தெரிந்தது.

"படம் கொஞ்சம் மங்கலா இருக்கு," என்றேன். "உங்க பக்கம் நெட் சரியில்ல போல."

"ஓ," என்றார். பிறகு அவருடைய வழக்கப்படி, "பரவாயில்ல மேடம். மங்கலா இருந்தாத்தான் நான் கொஞ்சம் பாக்குற மாதிரி இருப்பேன்," என்றார். நானும் சிரித்தேன்.

நேரம் முடியப் போகையில் அவர் இன்னொன்றும் கேட்டார். இதைப் புகாரில் யாரும் எழுதவில்லை, யாருக்கும் தெரியாது.

"நாளைக்கு நேர்ல வரட்டுமா மேடம்? அந்த மாடி ரூம் இருக்குல்ல. ஒரு பத்து நிமிஷம் போதும்."

அறை இருந்தது. சாவி என் கைப்பையிலேயே இருந்தது. அவசரம் என்றால் யாரையும் நேரில் பார்க்கலாம் என்று மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். மறுநாள் மதியம் எனக்கு யாரும் இல்லை.

"சோதனை முடியுற வரைக்கும் நேர்ல யாரையும் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றேன். "அடுத்த வாரம் இதே நேரம் பேசலாம். சரியா?"

"சரிங்க மேடம். விதின்னா விதிதான். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்."

"உடம்பைப் பாத்துக்கோங்க."

"நீங்களும்," என்றார். அவர் படம் போன பிறகும் என் படம் மட்டும் சின்னக் கட்டத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. சரி செய்துகொண்டேன்.

மூன்று நாளாக அவர் வேலைக்கு வரவில்லை என்று ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் போய்க் கதவைத் தட்டினார்களாம். மையத்துக்குத் தகவல் வந்தபோது நான் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர்தான் போனில் சொன்னார். அவருக்கு நாக்கு குழறியது. "உட்காருங்க மேடம், உட்கார்ந்துட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். உட்கார்ந்துவிட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். பிறகு மீதித் துணியையும் காயப்போட்டேன்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்பீர்கள் இல்லையா? நானும் என்னிடம் கேட்டுப் பார்த்தேன். என்னிடம் வருகிறவர்களிடம், உடம்பில் எந்த இடத்தில் அந்த உணர்ச்சி இருக்கிறது என்று காட்டச் சொல்வேன். தொண்டை, நெஞ்சு, வயிறு என்று தொட்டுக் காட்டுவார்கள். நான் என் தொண்டையை, நெஞ்சை, வயிற்றைக் கவனித்தேன். மதியம் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வாரமே கூட்டம் நடந்தது. நான் அதிகம் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. "அவர் ரூம்ல என்ன நடந்துக்கிட்டிருந்ததுன்னு தெரிஞ்சுக்க எனக்கு வழியே இல்லாம போச்சு. மாடிக்கு வந்துக்கிட்டிருந்தவரை நான்தான் திரைக்கு விட்டேன். நேர்ல வந்திருந்தா அவர் காலைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பேன்," என்றேன். மேலாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர் அவர். சோதனையை அன்றோடு நிறுத்தினார். மாடி எங்களிடமே இருக்கும் என்றார். இனி அமர்வுகள் நேரில் மட்டும்.

கூட்டம் முடிந்து சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, நானும் என் ஆளுங்களை இப்படித்தான் பாக்காம விட்டுக்கிட்டு இருக்கேனா? அவங்க ரூம்லயும் எனக்குத் தெரியாம என்னென்னவோ நடக்குதா?"

"உன் தப்பு இல்லம்மா," என்று அவள் தோளில் கை வைத்தேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு யாரிடம் பேசினாலும் பேச்சை நடுவில் நிறுத்தி, "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஆலோசகர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் யார் திரும்பி வருவார்கள்? கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டுத் தன் சொந்த அக்காள் வீட்டோடு போய் இருந்துவிட்டாள். அவளிடம் ஆன்லைனில் பேசிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் மட்டும் மாடிக்கு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் பேசிய பெண் வரவில்லை. உண்மையிலேயே தேவை இருந்தால் எப்படியாவது வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், நகம் வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்கிட்ட வந்தவர் செத்துப் போயிருக்கார். நீ என்னமோ ஊருக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி இருக்க."

"எப்படி?"

"ஒரு மாதிரி நிம்மதியா."

நான் உம் கொட்டினேன்.

சில வாரம் கழித்து, இறந்துபோனவரின் தங்கை மையத்துக்கு வந்தார். அண்ணனின் வீட்டைக் காலி செய்துகொடுக்க வந்தவர். என் அறையில், நான் சாய்த்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணன் உங்களைப் பத்தி நிறையச் சொல்லும் மேடம். நான் சொல்லாததையும் அவங்க கண்டுபிடிச்சிடுறாங்கன்னு சொல்லும்."

நான் தலையசைத்தேன்.

"கிட்டாரை வேலை பாக்குற இடத்துல ஒருத்தரோட மகளுக்குக் குடுத்துடுச்சாம். மீனைக் கீழ் வீட்டுக்குக் குடுத்துடுச்சாம். பாப்பா வரைஞ்ச படத்தை எல்லாம் உறையில போட்டு பாப்பாவுக்கே அனுப்பியிருக்கு. ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் குடுத்துச்சுன்னு நினைச்சிருக்காங்க. எனக்குப் போன்ல எதுவும் சொல்லல. மொத்தமா யாருமே பாக்கல மேடம்."

"ரொம்ப வருத்தமா இருக்கு."

"நீங்க பாத்திருக்கலாம்னு தோணுச்சு."

"திரையில அதெல்லாம் தெரியாதும்மா. முகம் தெரியும், அவ்வளவுதான். அன்னைக்குப் படமும் மங்கலா இருந்துச்சு."

அவர் மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "அதான் மேடம் எனக்குப் புரியல. அண்ணன் உக்கார்ற இடத்துல உக்காந்து, அந்த லேப்டாப்லயே கேமராவை ஆன் பண்ணிப் பாத்தேன். என் மூஞ்சி எவ்வளவு தெரியுதோ அதே அளவு பின்னாடி சுவரும் தெரியுது. அலமாரி காலியா இருக்குறது தெரியுது. கிட்டார் மாட்டின ஆணி தெரியுது. அப்புறம் என் பொண்ணுகிட்ட வீடியோல பேசினேன். என்னம்மா மாமா வீடு மொட்டையா இருக்குன்னு அவதான் முதல்ல கேட்டா. ஏழு வயசு மேடம் அவளுக்கு."

என் அறையில் மௌனம் எப்போதும் வந்தவருக்குச் சொந்தமானதாகத்தான் இருக்கும். அன்றைக்கு அது எனக்குத் தேவைப்பட்டது. அவர் எழுந்து, நாற்காலியைச் சரியாகப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். புகார் அதற்கடுத்த வாரம் வந்தது.

புகாரை நீங்கள் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். தங்கை கோபமாக எழுதவில்லை. "அனுபவம் மிக்க ஆலோசகர், கவனக்குறைவால், கண்ணெதிரே இருந்த அறிகுறிகளைக் காணத் தவறிவிட்டார்" என்று எழுதியிருந்தார். மேலாளர் எனக்காக ஒரு பதில் தயார் செய்து தந்தார். புதிய முறை, பழக்கமின்மை, இணையக் கோளாறு, வருந்துகிறோம் என்று. அதில் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், நாலு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார். பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. இருபது வருடத்தில் என்னை யாரும் கவனக்குறைவானவள் என்று சொன்னதில்லை. பயிற்சி முடிக்காத பிள்ளைகள்கூடக் காணத் தவறாத அறிகுறிகளை நான் காணத் தவறினேன் என்று ஒரு தாளில் இருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் இன்று நானே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வார்த்தையை மட்டும் நீங்கள் அடித்துவிட வேண்டும்.

நான் எதையும் காணத் தவறவில்லை. கிட்டார் போன அன்றே பார்த்தேன். மீன் போன அன்று அர்த்தம் புரிந்துகொண்டேன். படங்கள் போன அன்று, இன்னும் சில நாள்தான் என்று தெரிந்தது. அவர் அறை தெரிகிறதா என்று கேட்டபோது, அவர் கேட்டது அறையைப் பற்றி இல்லை என்பதும் தெரிந்தது. நேரில் வரட்டுமா என்று கேட்டபோது, வந்தால் அவர் பிழைத்துவிடுவார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் வர வேண்டாம் என்றேன். ஒன்று நடக்க வேண்டியிருந்தது. நடக்கட்டும் என்று விட்டேன். மேலாளருக்கு இதில் எதுவும் தெரியாது. சின்னவளுக்கும் தெரியாது. எழுதிக்கொண்டீர்களா? கொஞ்சம் மெதுவாகச் சொல்லட்டுமா?

உங்கள் முகம் மாறுகிறது. அது இயல்புதான். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆன்லைன் வேண்டாம், ஆபத்து என்று நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் நேரில் வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தால் இப்படியெல்லாம் நடந்திருக்காது. கண்ணெதிரே ஒரு மனிதர் கஷ்டப்பட்டால் எனக்கு மனசு கேட்காது.